பூட்டின அறைக்குள்ளை சாய்ஞ்ச நாத்து

மோனை,

நீ கேட்டு இண்டைக்கு ஐம்பது நாளாகுது. "அம்மா, தையிலை கலியாணம் வைக்கலாம் எண்டு இருக்கிறம். ஆனால் நீங்கள் சபையிலை வந்து நிண்டால்தான் தாலிக்குக் கழுத்து நீட்டுவன் எண்டு வதனி சொல்லுறாள். வருவீங்களோ, இல்லையோ?" எண்டு கேட்டனி. "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு போனைக் கொக்காவின்ரை கையிலை குடுத்துப்போட்டு நான் கிணத்தடிக்குப் போட்டன். பேந்து நீ கனடாவிலை இருந்து எடுத்த நேரமெல்லாம் மழையைப் பற்றியும் நாத்தைப் பற்றியும் கதைச்சுச் சமாளிச்சன். நீயும் திருப்பிக் கேக்கேல்லை. நீ கேக்காமல் விட்டதுதான் எனக்குக் கூடுதலாய்க் குத்தினது. இப்ப மறுமொழி எழுதிறன். நாலாம் வகுப்போடை நிண்டவள் நான், எழுத எழுத விரல் நோகுது. ஆனால் போனிலை சொன்னால் இடையிலை அழுதுபோடுவன், இல்லாட்டி ஆரையேன் ஏசிப்போடுவன். கொப்பியிலை எழுதினால் அது இரண்டும் ஏலாது. உன்ரை கொக்கா பக்கம் பக்கமாய்ப் படம் பிடிச்சு அனுப்புவாள். தம்பிக்கு எழுதினதை அக்காவும் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

ஆவணித் திருவிழாவுக்கு வந்தபோது நீ கொண்டுவந்த அந்த லைற்றிலை இருந்துதான் எல்லாம் தொடங்கினது. பெட்டியைத் திறக்கச் சொக்கிலேற் எண்டு பாய்ஞ்சு வந்த பேரப்பிள்ளையளுக்கு முகம் விழுந்துபோச்சு. உள்ளுக்கை நாத்து வளர்க்கிற இரண்டு நீட்டு லைற்றும் கறுப்புத் தட்டுகளும். "ஒவ்வொரு ஐப்பசியும் மழை நாத்துமேடையைக் கரைச்சுக்கொண்டு போகுது எண்டு அழுறியள். இந்தமுறை தக்காளியை வீட்டுக்குள்ளை போடுங்கோ" எண்டாய். வீட்டுக்குள்ளை விதை போடுறது எண்டால் சனம் சிரிக்குமெடா எண்டன். நீ கேக்கேல்லை. உன்ரை கொப்பர் கண்ணை மூடின அந்தப் பின்னறையிலை மேசையைப் போட்டு, சங்கிலியிலை லைற்றைத் தூக்கிக் கட்டி, தட்டுக்கும் லைற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கவேணும், பொழுதுபடத் தண்ணி விடக்கூடாது, விதையை நெருக்கக்கூடாது எண்டு ஒரு பாடம் நடத்தினாய். நான் தலையைத்தான் ஆட்டினனான். நாப்பது வரியம் தோட்டம் செய்தவளுக்குத் தலையாட்டத் தெரியும்.

ஆனால் மோனை, அந்த வெளிச்சம். அது வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை, நாவற்பழம் திண்ட வாயின்ரை நிறம். மூண்டாம் நாளே ஒழுங்கையெல்லாம் கதை. பால்காரர் படலையடியிலை சைக்கிளை நிப்பாட்டி, "என்னணை ஆச்சி, உள்ளுக்கை சினிமாக் கொட்டகையோ?" எண்டார். "ஓம், நீ பாலுக்குத் தண்ணி விடுற படம் ஓடுது. வந்து பார்" எண்டன். அதுக்குப் பிறகு ஒரு கிழமை பால் தடிப்பாய் வந்தது.

ஐப்பசி பிறக்க விதையைப் போட்டன். வெளியிலை விடாத மழை. தகரத்திலை அது விழுற சத்தம் கேக்கக் கேக்க, மத்தியானச் சோத்துக்குப் பிறகு அந்த அறைக்குள்ளை கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பன். என்ரை கை, சீலை, சுவரிலை தொங்கிற கொப்பற்றை படம் எல்லாம் நாவல் நிறமாய்ப் போடும். கடலுக்கு அடியிலை ஒரு வீடு இருந்தால் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைப்பன். நாலாம் நாள் விதை வெடிச்சது. முளையள் தலையைக் குனிஞ்சுகொண்டு, முதுகாலை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துதுகள். விதையின்ரை கோது சிலதுக்குத் தலையிலை தொப்பி மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஒரு கண் அயர்ந்து எழும்பிப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், இன்னொருக்கால் அயர்ந்து எழும்பினால் இரண்டு இலை விரிச்சிருக்கும். எது நித்திரை, எது முழிப்பு எண்டு தெரியாது. ஒருநாள் கொப்பர் வந்து ஈரக் காலோடை தட்டடியிலை நிண்டார். "நெருக்காமல் ஐதாய்த் தூவு எண்டு சொன்னனான் எல்லோ?" எண்டார். "இப்பவும் தொடங்கிப்போட்டியளோ?" எண்டு நான் சொல்ல, மழைதான் மறுமொழி சொன்னது. எழும்பித் தரையைத் தடவிப் பார்த்தன். காய்ஞ்சுதான் கிடந்தது.

கோழியும் பேரப்பிள்ளையளும் உள்ளுக்கை போகாமல் நான் அந்த அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டுதான் திரிஞ்சனான். யன்னலும் சாத்தினது. ஒன்பதாம் நாள் விடியக் கதவைத் திறக்கிறன், ஒரு தட்டு முழுக்கச் சாய்ஞ்சு கிடக்கு. இலை பச்சையாய்த்தான் இருக்கு, ஆனால் மண்ணோடை ஒட்டின இடத்திலை தண்டு நூல் மாதிரிச் சூம்பி, ஆரோ சுடுதண்ணி ஊத்தி அவிச்ச மாதிரி. வாய் தன்ரை பாட்டிலை, "பூரணம்" எண்டது. சொன்ன பிறகுதான் திறப்பு இடுப்பிலை குத்துறது தெரிஞ்சது.

பூரணம் எண்டால் வதனியின்ரை தாய் எண்டும், அடுத்த வளவுக்காரி எண்டும், எனக்கும் அவளுக்கும் முப்பது வரியமாய்க் கதை பேச்சு இல்லை எண்டும் உனக்குத் தெரியும். ஏன் எண்டது உனக்கு அரைவாசிதான் தெரியும். அண்டைக்கு நீ பள்ளிக்கூடம் போட்டாய். உனக்குப் பத்து வயசு, வதனிக்கு ஆறு. எங்கடை வளவுக்கும் அவையின்ரை வளவுக்கும் நடுவிலை அப்ப தென்னோலைக் கிடுகு வேலி, அதிலை ஆள் குனிஞ்சு போய்வாற ஒரு பொட்டு. தேங்காய்ப் பாதி, அடுப்புக் கொள்ளி, ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டாலைதான் போய்வரும். நீயும் வதனியும் குனியாமலே ஓடித் திரிவியள். அந்த ஐப்பசியிலை கொப்பருக்கு மண்வெட்டி காலிலை வெட்டிப் பாயிலை கிடக்கிறார். தோட்டம் என்ரை கையிலை. முதல்முதலாய் நான் தனியாய்த் தக்காளி நாத்துப் போட்டனான். நல்ல வடிவாய் முளைச்சது, புல்லுமாதிரி நெருக்கமாய். பூரணம் பின்னேரம் பொட்டாலை வந்து பார்த்து, "அக்கா, இவ்வளவு செழிப்போ! எனக்கும் ஒரு பிடி தாங்கோவன்" எண்டாள். "நட்டு மிஞ்சினால் பாப்பம்" எண்டன். அவளுக்கு முகம் கறுத்துப்போச்சு. அடுத்தநாள் விடிய அவள் வீட்டிலை நெல்லு அவிச்ச மணம். நான் போய் நாத்துமேடையை மூடின கிடுகைத் தூக்கிப் பார்க்கிறன், மேடை முழுக்க இப்பிடித்தான், அவிஞ்ச மாதிரிச் சாய்ஞ்சு கிடக்கு. நெல்லு அவிச்ச சுடுதண்ணி, கறுத்த முகம், திறந்த பொட்டு. எனக்கு வேறை சாட்சி தேவைப்படேல்லை.

வேலியடியிலை நிண்டு ஒழுங்கை கேக்கக் கத்தினன். அவள் வந்து, "அக்கா, சத்தியமாய் நான் அந்தப் பக்கம் வரேல்லை" எண்டு கும்பிட்டாள். நான் குனிஞ்சு ரெண்டு கையாலையும் மண்ணை அள்ளி அவளின்ரை வளவுக்குள்ளை எறிஞ்சன். "என்ரை நாத்தைச் சாய்ச்ச நீ நல்லாயிருக்கமாட்டாய். உன்ரை பெட்டையின்ரை வாழ்வும் இப்பிடித்தான் சாயும்" எண்டன். எழுதக் கை கூசுது. ஆனால் நான் சொன்ன சொல்லு இதுதான், ஒரு எழுத்தும் மாறேல்லை.

அண்டைக்குப் பின்னேரமே பொட்டை அடைச்சுப்போட்டன். பிறகு மதிலும் வந்தது. என்ரை குணம் உனக்குத் தெரியும். கொக்காவின்ரை சாமத்தியச் சடங்கிலை ஆர் பலகாரத் தட்டைக் குறை சொன்னது, எந்தத் தீபாவளிக்கு ஆர் வீட்டுப் படலை எனக்குத் திறக்கேல்லை, எல்லாம் நான் நித்திரையிலையும் சொல்லுவன். அதுக்குள்ளை பூரணத்தின்ரை வழக்குத்தான் முதலாவது. அவளின்ரை புருசன் செத்தபோது பறைச்சத்தம் எங்கடை அடுப்படிக்குக் கேட்டது. கொப்பர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். "போறதெண்டால் அங்கையே இருந்திடுங்கோ" எண்டன். மனிசன் போய்த்தான் வந்தவர். நான் மிளகாய் இடிச்சுக்கொண்டு இருந்தனான். பேந்து வதனி கலியாணம் கட்டிக் கனடா போனதும், ரெண்டு வரியத்திலை அவன் அவளை விட்டிட்டுப் போனதும் காதுக்கு வந்தது. மோனை, இதை நீ வாசிக்கத்தான் வேணும். அண்டைக்கு எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாய் இறங்கினது. என்ரை சொல்லு பலிச்சுப்போச்சு எண்டு நினைச்சன். அப்ப அவள் உனக்குப் பெண்சாதியாய் வரப்போறவள் எண்டு தெரியாது. தெரியாமல் இருந்தது ஒரு சாட்டே? ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளை தானே அவள்.

இப்ப அந்தப் பூட்டின அறைக்கு வாறன். நான் சாய்ஞ்ச தட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கேக்கை நீ போன் எடுத்தாய். கொக்கா தட்டை உனக்குக் காட்டினாள். "அடியிலை நூல் மாதிரி இருக்கோ?" எண்டு கேட்டாய். "ஓமடா." "தண்ணி கூடிப்போச்சம்மா. பின்னேரத்திலை விட்டிருக்கிறியள், விதையையும் அள்ளிக் கொட்டியிருக்கிறியள். காத்து இல்லை, மண்ணிலை பங்கசுப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது. நாத்துப் போடுற எல்லாருக்கும் ஒருக்கால் நடக்கும்." நான் கேட்டன், "சுடுதண்ணி ஊத்தினாலும் இப்பிடித்தானே விழும்?" நீ சிரிச்சாய். "பூட்டின அறைக்குள்ளை ஆரம்மா வந்து சுடுதண்ணி ஊத்தப் போறது?" நீ சும்மா பகிடியாய்க் கேட்டனி. கேட்டுப்போட்டு இரவு வேலைக்குப் போட்டாய். நான் அந்தக் கதிரையிலை இருந்தவள் மத்தியானம் வரை எழும்பேல்லை. கொக்கா வந்து, "என்னம்மா, நாத்துக்குச் செத்தவீடோ?" எண்டு கேட்டாள்.

ஆனாலும் உன்ரை கொம்மா லேசிலை விடுறவளோ? போனிலை சொன்னதை நம்பி முப்பது வரிய வழக்கைத் தள்ளுபடி செய்ய என்னாலை ஏலாது. திரும்ப இரண்டு தட்டுப் போட்டன். ஒண்டிலை விதையை அள்ளித் தூவி, பொழுதுபடத் தண்ணி வார்த்தன். மற்றதிலை ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு விதை, காலமை மட்டும் அடியாலை கொஞ்சத் தண்ணி, காத்துக்கு ஒரு சின்ன ஃபானையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டன். பூட்டினன். திறப்பு இடுப்பிலை. நெருக்கித் தூவின தட்டு விழக்கூடாது எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தன் எண்டால் நம்புவியோ? அது நிண்டுதெண்டால் பூரணம் குற்றவாளி, நான் நிம்மதியாய்ச் சாகலாம். மழையிலை நாளும் பொழுதும் கரைஞ்சுபோச்சு. அந்த நாவல் வெளிச்சத்துக்குள்ளை இருந்து ரெண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தன். பத்தாம் நாள் விடிய ஒரு தட்டு ஆடாமல் நிண்டது. மற்றது சாய்ஞ்சு கிடந்தது.

அப்பதான் எனக்கு ஒண்டு விளங்கினது. எனக்கு நடந்தது எல்லாம் சரியாய் ஞாபகம் இருந்தது. அண்டைக்குப் பூரணம் என்ன சீலை கட்டியிருந்தவள் எண்டு இப்பவும் சொல்லுவன், பச்சையிலை மஞ்சள் கரை. அதோடை கொப்பர் பாயிலை கிடந்தபடி "ஐதாய்த் தூவு" எண்டு ரெண்டுதரம் சொன்னதும் ஞாபகம். பூரணம் போன பிறகு, பொழுதுபடுற நேரம், மூண்டு பூவாளி தண்ணி விட்டதும் ஞாபகம். அதுகளும் என்ரை மண்டைக்குள்ளைதான் முப்பது வரியமாய்க் கிடந்தது, நான் ஒருநாளும் சாட்சிக்குக் கூப்பிடேல்லை. ஏனெண்டால் நாத்துச் செத்தது என்ரை கையாலை எண்டு கொப்பர் சொல்ல முன்னம் எனக்கு இன்னொருத்தியின்ரை பேர் தேவைப்பட்டது. நீயும் என்ரை ஞாபகத்தைக் கொண்டு பிறந்தவன். சின்னனிலை கொக்கா உன்ரை பென்சிலை முறிச்ச கதையை இந்த ஆவணியிலும் சொன்னனி. கலியாணம் கட்டினால் ஒரு வீட்டுக்குள்ளை ஆயிரம் பென்சில் முறியும். முறிஞ்சது ஞாபகத்திலை இருக்கட்டும், ஆர் முறிச்சது எண்டதை மட்டும் உடனை முடிவெடாதை. அந்த நேரம் உன்ரை கை எங்கை இருந்தது எண்டு முதல் பார். இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி எண்டு கேப்பாய். பிழைவிட்டவளுக்குத்தான் பிழையின்ரை முகம் தெரியும்.

நேத்துக் காலமை மழை விட்டிருந்தது. சீலை மாத்திக்கொண்டு, ஒழுங்கையாலை சுத்தி, சனம் பார்க்கப் பார்க்கப் பூரணத்தின்ரை படலையிலை போய் நிண்டன். பால்காரர் சைக்கிளாலை விழாத குறை. படலையைத் தட்டினன்.

"ஆர் அது?"

"நான்தான். கண் தெரியேல்லையோ?"

"கண் தெரியுது. நம்பத்தான் ஏலாமல் கிடக்கு" எண்டாள். முழங்கால் வருத்தம் அவளுக்கு, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். உள்ளுக்கை வா எண்டும் சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை.

நான் நிண்ட நிலையிலையே சொன்னன். "பூரணம், அண்டைக்கு என்ரை நாத்துச் செத்தது நீ ஊத்தின சுடுதண்ணியாலை இல்லை. நான் விட்ட பச்சைத் தண்ணியாலை. நான்தான் பிழை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எந்த நாத்து?"

மோனை, அவளுக்கு நாத்து ஞாபகம் இல்லை! நான் முப்பது வரியமாய்க் காவித் திரிஞ்ச நாத்தை அவள் அடுத்த மாரியிலையே மறந்துபோனாள். பேந்துதான் சொன்னாள். "நாத்தை ஆர் நினைச்சது? நீங்கள் என்ரை பிள்ளையைச் சொன்ன சொல்லைத்தான் நான் சோறு தின்னேக்கையும் நினைச்சனான். அவளை அவன் விட்டிட்டுப் போனான் எண்ட அண்டு, இந்தப் படியிலை இருந்து உங்கடை மதிலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறன், பூரணம்."

"சொல்லென்ன, இரவல் குடுத்த சுளகே, வந்து திருப்பி வாங்க?" எண்டாள். இந்த ஊரிலை என்ரை வாயை அடைச்சவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் கோவம் போகேல்லை. போகவும் தேவையில்லை. ஆனால் கதவு நிலையை விட்டிட்டுப் பக்கத்திலை இருந்த கதிரையைக் காலாலை என்ரை பக்கம் தள்ளினாள். இருந்தன். ரெண்டு பேரும் முற்றத்து வெள்ளம் வடியிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தம். எழும்பி வரேக்கை, "எனக்குச் சொல்லி என்ன? அவளுக்குச் சொல்லுங்கோ. கேட்டுக்கொண்டு நிண்டவள் அவள்" எண்டாள். அக்கா எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை.

அதுதான் இந்தக் கடிதம். நீ கேட்டதுக்கு மறுமொழி, வருவன். பூரணத்தின்ரை முற்றத்திலை கலியாணக் கன்னிக்கால் ஊண்டினாலும் வருவன், ஒரு மூலையிலை நில் எண்டாலும் நிப்பன். ஆனால் நான் வாறனோ இல்லையோ எண்டது பெரிசில்லை. முதல் நீ வதனியை இருத்தி, இதை அவளுக்குத் தொடக்கத்திலை இருந்து வாசி. ஒரு இடமும் விடாதை, சோறு கூடுதலாய் இறங்கின இடத்தையும் விடாதை. தாய் நல்லவள் எண்டு காட்டப் பார்க்காதை. வாசிச்சு முடியக் கடைசியாய் இதையும் சொல்லு. அண்டைக்கு அவள் காய்ச்சலோடை வீட்டிலை நிண்டவள், தாயின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு வேலியடிக்கு வந்தவள். தான் அங்கை நிண்டது கொம்மாவுக்குத் தெரியாது எண்டு அவள் உன்னட்டைச் சொன்னவளாம், கொக்காதான் எனக்குச் சொன்னாள். பெரிய மனம் அவளுக்கு. தெரியும், மோனை. நான் அவளைக் கண்டனான். என்னைப் பார்த்துச் சிரிச்சவள், நான் ஏதோ தரக் குனியிறன் எண்டு நினைச்சு. அவளின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அந்தச் சொல்லைச் சொன்னனான்.

இதைக் கேட்ட பிறகும் அவளுக்கு மனம் வந்தால் தையிலை நாள் பாருங்கோ. வராட்டி அவளை நெருக்காதை, அழுது கெஞ்சாதை, அம்மா வயசுபோனவள் எண்டு சாட்டுச் சொல்லாதை. என்னட்டை ஏதும் கேக்கவோ, என்னை ஏசவோ அவளுக்கு விருப்பம் எண்டால் போனை எடுக்கச் சொல்லு. எந்த நேரம் எண்டாலும் பரவாயில்லை. இந்தமுறை நான் கொக்காவின்ரை கையிலை குடுக்கமாட்டன்.

அம்மா